கார்க்காரரின் கார்

சலவைக்கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றபோது தெருவே சந்தோஷப்பட்டது. அன்றைக்கு நடந்த முதல் தப்பு அதுதான்.

உள்ளே கடைக்காரி யாரோ ஒரு பேங்க் மேனேஜரின் வெள்ளைச் சட்டைக் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். நீராவிப் பெட்டி புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. விடியும்போதே வெயில் ஏறிவிட்டிருந்ததால் கடைக்குள் துணி காய்வதைவிட ஆள் காய்வது வேகமாக இருந்தது. அவள் புருஷன் பின்கட்டில் போர்வைகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். சொந்தப் பேர் என்று அவருக்கு ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவுக்கு அவர் கார்க்காரர்தான். அந்தத் தெருவில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் என்பதால் வந்த பட்டம் அது.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி, கையிலிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்து ஒரு நம்பரைப் படித்தார்.

"இந்த நம்பர் கார் யாரோடது?"

பின்கட்டிலிருந்து அவர் ஈரப் போர்வையோடு ஓடி வருவதற்குள் எதிர்வீட்டு மளிகைக் கடை அக்கா அளவுக் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எங்க கார்க்காரரோடதுதான் சார்! நீலக் கலர்தானே? ஏன், யாராவது திருடிட்டுப் போய்ட்டானா? கிடைச்சிடுச்சா?"

"நீங்க அந்தக் காரைப் பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காமயா? எங்க வாசல்லதான் நிக்கும். இங்க நிறுத்த இடம் பத்தலைன்னு இப்ப அவரு மச்சான் வீட்டுல நிறுத்தியிருக்காரு."

கழுத்தில் இஞ்சி டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு டெய்லரும் வந்து சேர்ந்தார். போலீஸுக்கு உதவி செய்யும் வாய்ப்பு தினமும் கிடைத்துவிடுமா?

"கடைசியா எப்ப ஓட்டினார்னு தெரியுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போன ஞாயித்துக்கிழமை. மச்சான் வீட்டுக்குப் போயிட்டு ஏரிக்கரை ரோட்ல ஒரு சுத்து சுத்தினாராம். எண்பதுல போனேன்னு அவரே சொன்னாரு" என்றாள் மளிகைக் கடை அக்கா.

"எண்பதா?" சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

டெய்லர் பணிவாகக் குறுக்கிட்டார். "எங்கிட்ட தொண்ணூறுன்னு சொன்னார் சார்."

கடைக்குள் அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிழிந்தும் பிழியாமலும் கையில் இருந்த போர்வையிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி. அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அதே ஏரிக்கரை ரோட்ல, இந்தக் கார் ஒரு கொத்தனாரை அடிச்சுத் தூக்கியிருக்கு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "தொடை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில கிடக்கறான். ஓட்டினவன் காரை அங்கேயே போட்டுட்டு ஓடிட்டான். வழியில போன எவனோ புண்ணியவான்தான் ஆட்டோவுல தூக்கிட்டுப் போய்ச் சேர்த்திருக்கான்."

மளிகைக் கடை அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். டெய்லர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. தெருவே சாட்சி சொல்லுது, எங்கேயும் போயிட முடியாது. நான் திரும்ப வந்தா ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போகத்தான் வருவேன்."

ஜீப் போய்விட்டது. அவள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் புருஷனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எண்பதாம், தொண்ணூறாம்! பஸ்ஸுல கடைசி சீட்டுல உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கிட்டு வந்த மனுஷன் சொல்ற பேச்சா இது?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி."

"நல்லாச் சொன்னீங்க. இப்ப அந்தப் பேச்சு கைவிலங்கோட வந்து நிக்குது."

விஷயம் இதுதான். அந்தக் கார் கைமாறி மூன்று வருஷம் ஆகிவிட்டது. பெரிய சலவை மிஷினும் நீராவிப் பெட்டியும் வாங்குவதற்காக அதை விற்றார்கள். வாங்கியது ஏரிக்கரைப் பக்கம் மைக்செட் வாடகைக்கு விடுகிற ஒரு தம்பி. பேச்சு முடிந்து, காரை ஓட்டிக்கொண்டு போகவேண்டிய நாளுக்கு முந்தைய ராத்திரிதான் அந்தக் கூத்து நடந்தது. ஊரார் பேண்ட் பாக்கெட்டை எல்லாம் தடவிப் பார்த்து, பேனாவும் சில்லறையும் எடுத்து வைத்துவிட்டுத் துணி போடுகிறவர், தன் பேண்ட்டை மட்டும் அப்படியே அப்போதிருந்த சின்ன மிஷினில் போட்டுவிட்டார். அதன் பாக்கெட்டில் ஆர்.சி. புக் இருந்தது. காலையில் அது கூழாக வந்தது. அதை ஒரு சல்லடையில் வழித்தெடுத்தது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மைக்செட் தம்பி நல்லவன். "பரவாயில்லண்ணே, டூப்ளிகேட் வாங்கிக் குடுங்க, பேர் மாத்திக்கலாம்" என்று காரை எடுத்துக்கொண்டு போனான். டூப்ளிகேட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, புக் தொலைந்ததாகப் போலீஸில் எழுதிக் கொடுக்கவேண்டும், அவர்கள் தெருவில் வந்து விசாரிப்பார்கள் என்று. விசாரித்தால் கார் கைமாறிய கதை தெருவுக்குத் தெரிந்துவிடும். அதற்குள் இவர் மளிகைக் கடை அக்காவிடம், கார் மச்சான் வீட்டில் நிற்கிறது என்று அள்ளிவிட்டிருந்தார். அன்று ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு வரும்போதும் ஒரு கதை. பிக்கப் அப்படி, ஏசி இப்படி. அவளுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு கூசும். கார்க்காரரே என்று யாராவது கூப்பிட்டு, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பும்போதெல்லாம் துணி மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் கேட்கவும் மனசு வராது. நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நிற்கிற மனுஷன். வேறென்ன சந்தோஷம் இருக்கிறது?

மாடி வீட்டில் குடியிருக்கிற வக்கீல் பொண்ணு கறுப்புக் கோட்டு வாங்கிக்கொண்டு போக வந்தவள், முழுக்கதையையும் நின்றுகொண்டே கேட்டாள். கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாலும் பேச்சில் தயக்கம் கிடையாது.

"ரெண்டு விஷயம் இருக்குண்ணே. யார் ஓட்டினதுங்கறது ஒண்ணு. யாரோட கார்ங்கறது இன்னொண்ணு. ஓட்டினவன் மேலதான் போலீஸ் கேஸ். நீங்க பஸ்ஸுல வந்ததை நிரூபிச்சுட்டா அதுலேர்ந்து தப்பிச்சிடலாம்."

"நான் பஸ்ஸுலதாம்மா வந்தேன்."

"தெருவே இல்லைங்குதே. முதல்ல அவங்ககிட்ட உண்மையைச் சொல்லி மாத்துங்க."

"ரெண்டாவது?" என்று கேட்டாள் அவள்.

"அது கொஞ்சம் பெருசுக்கா. அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈடு. அதுக்கு ஓனர் பொறுப்பு. பேர் மாத்தாத வரைக்கும் ரிஜிஸ்டர்ல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். வித்துட்டேன்னு சொன்னா எதுல வித்தீங்கன்னு கேப்பாங்க. பேப்பர் இருக்கா?"

"கூழாப் போச்சும்மா."

"இன்சூரன்ஸ்?"

"வித்த காருக்கு யாராவது கட்டுவாங்களா?"

வக்கீல் பொண்ணு பெருமூச்சு விட்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்கண்ணே, சட்டப்படி பார்த்தா இந்த மூணு வருஷமா நீங்க பொய்யே சொல்லலை. அந்தக் கார் உங்களோடதுதான்."

கார்க்காரர் பெண்டாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப எங்க கடை?"

"இன்சூரன்ஸ் இல்லைன்னா கடை வரைக்கும் வரும்க்கா. கேஸ் நடத்தலாம். நான் ஓனர் இல்லைன்னு விடாப்பிடியா நின்னா வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் கிடைக்காது, உங்களுக்கும் ஒண்ணும் போகாது."

இழுக்கட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அந்த மிஷினும் அந்தப் பெட்டியும் போய்விட்டால் பிறகு என்ன இருக்கிறது?

தெருவிடம் சொல்வதுதான் முதலில் செய்யவேண்டியது. ஷட்டரைத் தூக்கியபோது எல்லோரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் வேலை ஓடவில்லை. கார்க்காரர் வாசல்படியில் நின்று, வேட்டியை இறக்கிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"கார் எங்கிட்ட இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடியே வித்துட்டேன். அன்னைக்கு நான் பஸ்ஸுலதான் வந்தேன்."

பிறகு மளிகைக் கடை அக்கா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"புரியுது. நீங்க பயப்படாதீங்க. நாங்க அப்படியே மாத்திச் சொல்லிடறோம்."

"மாத்திச் சொல்ல வேண்டாம், அதான் உண்மை!"

"ஆமாமா, அதான் உண்மை. இல்ல டெய்லரே?"

"அதேதான்! எனக்கு எண்பதும் தெரியாது, தொண்ணூறும் தெரியாது" என்றார் டெய்லர், கண்ணைச் சிமிட்டி.

உயிரைக் கொடுத்துக் கட்டிய பொய்யை அப்படியே நம்பியவர்கள், உண்மையைச் சொன்னால் காது குத்துவதாக நினைத்தார்கள். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் இறங்கி நின்றாள். தெருவின் கடைசி வீட்டுக்கும் கேட்கிற குரல் அது.

"எல்லாரும் கேளுங்க! அந்தக் கார் போய் மூணு வருஷம் ஆச்சு. இவரு போறது வர்றது எல்லாம் பஸ்ஸு. பஸ்ஸுல ஏறினா இவருக்குக் குடல் புரட்டும். அன்னைக்குப் போட்டுக்கிட்டுப் போன சட்டையை நான்தான் ரெண்டு தரம் சோப்புப் போட்டு அலசினேன். நாத்தம் போகலைன்னு ஊறப் போட்டேன். சொந்தக் காரை ஓட்டிக்கிட்டு வர்றவன் தன் சட்டையிலயே வாந்தி எடுப்பானா?"

மளிகைக் கடை அக்காவின் வாய் மெல்லத் திறந்தது.

"அடப்பாவி மனுஷா! அதான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கிட்ட புளிப்பு மிட்டாய் வாங்கிட்டுப் போவியா? காரு ஓட்டறவருக்கு எதுக்குடா மிட்டாய்னு எனக்கு ஒரு நாளும் தோணலையே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. டெய்லர் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "தொண்ணூறு! பஸ்ஸு தொண்ணூறுல போச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கார்க்காரர் போலீஸ் வந்தபோதுகூட அப்படிக் குன்றிப் போகவில்லை. அவளுக்குத் தானே தன் கையால் அவரை உரித்துத் தெருவில் போட்டுவிட்டது போலிருந்தது. ஆனால் நின்று வருத்தப்பட நேரம் ஏது? மைக்செட் தம்பியைச் சாயங்காலத்துக்குள் பிடித்தாகவேண்டும்.

ஆட்டோ வந்தது. வக்கீல் பொண்ணும் தொற்றிக்கொண்டாள். கிளம்பும்போது மளிகைக் கடை அக்கா ஓடி வந்து கார்க்காரர் கையில் எதையோ திணித்தாள். புளிப்பு மிட்டாய். "வாயில போட்டுக்கோங்க. ஆட்டோவும் குலுக்கும்" என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஏரிக்கரையில் வண்டி பறந்தது. தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த தரை மேல் அனல் அடித்தது. மைக்செட் கடை பூட்டியிருந்தது. பக்கத்திலேயே வீடு. வாசலில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளின் நிழலில் உட்கார்ந்து அவன் பெண்டாட்டி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லைங்களே. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஆஸ்பத்திரியிலேயே கிடக்காரு. வழியில யாரோ அடிபட்டுக் கிடந்தாங்களாம், பாவம்னு தூக்கிட்டுப் போனாராம். ஆளில்லாத குடும்பமாம், இவருதான் சாப்பாடு வாங்கிக் குடுத்துப் பார்த்துக்கறாரு. கார்கூட ரிப்பேருன்னு எங்கேயோ விட்டுட்டு வந்திருக்காரு."

அவளும் புருஷனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் சொன்ன புண்ணியவான் யார் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்த மைக்செட் தம்பி இவர்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தாடி மண்டி, கண் குழி விழுந்து, ஆள் பாதியாகியிருந்தான். அவள் பாய்ந்தாள்.

"ஏன்டா, அடிச்சுப் போட்டுட்டு நீ புண்ணியவான் வேஷம் போடுவ, நாங்க ஜெயிலுக்குப் போகணுமா?"

"கத்தாதீங்கக்கா, உங்க காலுல விழறேன்! மாடு குறுக்க வந்துச்சு, திருப்பினேன், அவரு சைக்கிளோட வந்துட்டாரு. ஓடலைக்கா நான். தூக்கிட்டு ஓடியாந்தேன். இங்க கேட்டாங்க, யாரோட காருன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? என்னோடதுன்னா புக்கு எங்கம்பாங்க. என்னோடது இல்லைன்னா திருட்டுக் காரும்பாங்க. வழியில பார்த்தேன்னு வாயில வந்துடுச்சு." அவன் கார்க்காரரிடம் திரும்பினான். "எத்தனை தடவைண்ணே நடந்தேன் உங்ககிட்ட? பேர் மாத்திக் குடுங்க, பேர் மாத்திக் குடுங்கன்னு கெஞ்சினேனே? தெருவுக்கு வராதே, நானே வர்றேன்னீங்க. இன்சூரன்ஸ் போடப் போனா புக்கு கேக்கறான். ஒவ்வொரு செக்கிங்லயும் என் காருக்கு நானே திருடன் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓட்டினேன்."

கார்க்காரர் வாயிலிருந்த மிட்டாய் கன்னத்தில் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

வக்கீல் பொண்ணு இடையில் புகுந்தாள். "இவர் ஓட்டினேன்னு ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டாப் போதும். உங்க மேல போலீஸ் கேஸ் வராதுண்ணே. மத்ததைக் கோர்ட்டுல பார்த்துக்கலாம். உள்ள போய் யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. ஓனர்னு உங்க வாயால சொன்னீங்கன்னா அப்புறம் மாத்த முடியாது."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் அவள், புருஷன் கையை இறுக்கிப் பிடித்து. "வாயைத் திறக்கக் கூடாது. இத்தனை நாள் திறந்தது போதும்."

வார்டின் கோடியில் கொத்தனார் படுத்திருந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளங்கையில் சிமெண்ட் தின்ற வெடிப்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் பெண்டாட்டி ஒல்லியான, வேகமான பெண். மைக்செட் தம்பியைப் பார்த்ததும் டீயை வாங்கிக்கொண்டு இவர்களிடம் சொன்னாள்.

"இந்தத் தம்பி மட்டும் இல்லைன்னா ரோட்லயே போயிருப்பாருங்க. நீங்க அவங்க சொந்தமா? நல்லா வளர்த்திருக்கீங்க பிள்ளையை. அந்தக் கார்க்காரப் பாவி எங்க இருக்கானோ. பாதிச் சுவரு கட்டிட்டு வந்த மனுஷன். இனி எப்ப கொத்துக்கரண்டி பிடிக்கப் போறாரோ தெரியலை. அவன் கையில கிடைச்சான்னா..."

மைக்செட் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவள் தன் புருஷனின் கையை இன்னும் இறுக்கினாள். மனசுக்குள் அவளுக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள். மிஷினை நினைத்துக்கொண்டாள், பெட்டியை நினைத்துக்கொண்டாள். பேசாதே மனுஷா, பேசாதே.

அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"நான்தாம்மா கார்க்காரன்" என்றார். "காரு என்னோடது."

வக்கீல் பொண்ணு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இந்தத் தம்பி பேர் மாத்திக் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான்தான் தரலை. வறட்டு கௌரவம். இன்சூரன்ஸும் இல்லாமப் போச்சு. எங்கிட்ட ஒரு சலவைக்கடை இருக்கு. ஓடற கடை. அதை வச்சு உங்களுக்கு என்ன பண்ணணுமோ பண்றேன். கேஸு கீஸுன்னு இழுத்தடிக்க மாட்டேன்."

மூன்று வருஷமாக அந்த வார்த்தையை எத்தனை தரம் கேட்டிருப்பாள்! என் காரு, என் காரு. கேட்கும்போதெல்லாம் கூசிய உடம்பு இப்போது கூசவில்லை. கடை போகப் போகிறது என்று தெரிந்தது. இருந்தும் அந்த மனுஷனுக்குப் பெண்டாட்டியாக அங்கே நிற்பதில் அவளுக்குப் பெருமையாக இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓட்டினது நான்க்கா" என்றான் மைக்செட் தம்பி.

கொத்தனார் பெண்டாட்டி அவனையே பார்த்தாள். டீ டம்ளரை ஜன்னலில் வைத்தாள். வந்து ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அடுத்தது தனக்கு என்று கார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு தயாராக நின்றார்.

அந்த நேரம் பார்த்துக் கட்டிலிலிருந்து முனகல் வந்தது. "முதுகு எரியுதுடி... ஒரு பக்கமாத் தூக்கி விடு..."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. கொத்தனார் பெண்டாட்டி கட்டிலைப் பார்த்தாள், இந்த இரண்டு ஆண்களையும் பார்த்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றாள். "இப்ப இங்க வாங்க. காலு அசையக் கூடாது. ஓட்டினவன் தலைப் பக்கம் போ. ஓனர் இடுப்பைப் பிடிங்க, அங்கதான் பாரம் அதிகம். ஏம்மா, நீ யாரு?"

"நான் ஓனர் பொண்டாட்டி" என்றாள் அவள்.

"அப்ப அவரு தூக்கும்போது விரிப்பை இழு. சுருக்கம் இருந்தா புண்ணு வந்துடும்."